மேலே போகச் சொன்னாள்

ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அத்தானும் குட்டியும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கை வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எங்கே படுக்கிறாய்?

உன் தந்தி வந்ததிலிருந்து பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தண்டவாளம்தான் இல்லை. பாலத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. உங்கள் பக்கம் போகிற வண்டிகள் எல்லாம் ரத்து என்று ஸ்டேஷன் மைக்கில் தினமும் சொல்கிறவளே நான்தான். வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, மைக்கை அணைத்துவிட்டு அழுகிறேன். லீவு போடச் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன்?

அன்று மதியம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ரயில்வே கன்ட்ரோலிலிருந்து தகவல் வந்தது, அணை உடைப்பெடுத்துவிட்டது, பாலத்தில் வண்டி விடாதே என்று. உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். நீ மில்லில் இருந்தாய், அம்மாதான் எடுத்தாள். "அம்மா, வெள்ளம் வருது, உடனே மேலே போயிடு" என்றேன். "மேலேயா? இந்த மழையிலயா?" என்றாள். "ஆமா, இப்பவே மேலே போ, எதையும் எடுத்துக்கிட்டு நிக்காதே" என்றேன். "சரி, குடையை மட்டும் எடுத்துக்கிறேன்" என்றாள். பக்கத்து மாடிக்குப் போகக் குடை எதற்கு என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. அதற்குள் அடுத்த தகவல் வந்துவிட்டது, போனை வைத்துவிட்டேன்.

மாடி வீட்டு அத்தையின் வீடு நம் சுவரை ஒட்டித்தானே இருக்கிறது. கீழத்தெருவிலேயே மாடி உள்ள வீடு அது ஒன்றுதான். ஒரு எட்டு வைத்தால் போய்விடலாம். அப்படியிருக்க அம்மாவுக்கு எப்படி இது நடந்தது? நான் சொன்னதைக் கேட்காமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாளா? நீ எதையும் மறைக்காமல் எழுது. போன் லைன் வந்தாலும் போனில் சொல்லாதே. எழுது, தனியாகப் படித்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இப்போது எனக்கு நீ ஒருவன்தான்.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். காலில் ஒரு தகரம் கிழித்ததைக் கம்பவுண்டர் தைத்துவிட்டார், ஆறிவருகிறது. அவருடைய ஊசியைவிட மாடி வீட்டு அத்தையின் தையல் மிஷினே மெதுவாகக் குத்தும் என்று தெரு சொல்வது சரிதான்.

நம் வீட்டில் கூரை இருக்கிறது, பின்பக்கச் சுவர் இல்லை. உள்ளே சேறு. நான் மட்டுமில்லை, கீழத்தெருவில் பாதிப் பேர் அத்தையின் மாடியில்தான் படுக்கிறோம். புரண்டு படுக்க வேண்டுமென்றால் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு புரள வேண்டும்.

அம்மா நீ சொன்னதைக் கேட்டாள், அக்கா. அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம். நீ போனை வைத்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். குடை எதற்கு என்று கேட்டாயே, அத்தை வீட்டுப் படி வெளிப்பக்கம் இருக்கிறதை மறந்துவிட்டாயா? நனையாமல் ஏற வேண்டாமா? ஏறும்போது படியில் வழுக்கிவிட்டது. அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. மாடி வீட்டு மாமா பிடிக்கப் போனார், அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள் என்று கம்பவுண்டர் சொன்னார்.

நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மில்லிலிருந்து வருகிற வழி முழுவதும் தண்ணீர். நான் வரும்போது அம்மாவையும் மாமாவையும் பள்ளிக்கூட வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். யாரோ அம்மாவின் முகத்தைத் துடைத்து, தலையை வாரிவிட்டிருந்தார்கள். அத்தைதான் என்று பிறகு தெரிந்தது. தன் புருஷனை அப்படியே விட்டுவிட்டு முதலில் அம்மாவைப் பார்த்திருக்கிறார். போர்த்துவதற்கு நல்ல துணி எங்கேயும் இல்லை. திரைச்சீலையைப் பிரித்து அவரே உட்கார்ந்து தைத்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு. அத்தானிடம் சொல்லு.

தம்பி


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் நலம். உன் கால் எப்படி இருக்கிறது? சேற்றில் நடக்கும்போது காலில் ஏதாவது சுற்றிக்கொள்.

உன் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். இரண்டு வண்டிக்கு நடுவில் எடுத்துப் படிக்கிறேன். கேட்டாளே, அது போதும் எனக்கு. இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒன்றையாவது அவள் கேட்டிருக்கிறாளா? கண்ணாடியை மாற்று என்றால் மாற்றமாட்டாள். மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவாள். ஏதாவது சொன்னால், "ரேடியோ பாடிக்கிட்டே இருக்கட்டும், நாம நம்ம வேலையைப் பார்ப்போம்" என்பாள். தெருவே என்னை ரேடியோ என்று கூப்பிட ஆரம்பித்தது அவளால்தான். அப்படிப்பட்டவள் கடைசித் தடவை மட்டும் மறுபேச்சு பேசாமல் கிளம்பியிருக்கிறாள். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன், அவள் செய்யவேண்டியதைச் செய்தாள், நடுவில் அந்தப் படி கெடுத்துவிட்டது. இப்படி நினைத்தால்தான் எனக்கு வாயில் சோறு இறங்குகிறது.

அந்தப் படியை நினைத்தால் இடித்துத் தள்ள வேண்டும் போலிருக்கிறது. இதை அத்தையிடம் சொல்லிவிடாதே. நம் அம்மாவைப் பிடிக்கப் போய்த் தன் புருஷனைக் கொடுத்தவரிடம் நான் என்ன வாயைத் திறப்பேன்? அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் போடச் சொல். தண்டவாளம் போட்டதும் முதல் வண்டியில் வந்து அவர் காலில் விழுவேன்.

உனக்குச் சட்டைகள் அனுப்புகிறேன். பெரிதாக இருந்தால் அத்தையிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கால் ஆறிவிட்டது. சட்டைகள் வந்தன. அத்தை பிடித்துக் கொடுத்தார். உன் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டேன், மிஷின் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபிக்காதே. பகலெல்லாம் வீடு வீடாக வயரிங்கைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் போட்ட வயரிங்கை நானே பிடுங்குவது தனி வயிற்றெரிச்சல்.

வர அவசரப்படாதே. வந்தால் உன்னை உட்காரச் சொல்ல ஒரு மூலை இல்லை. நேற்று வயர் ஏதாவது தேறுமா என்று மேலே போயிருந்தேன். போகாமலே இருந்திருக்கலாம். நீ ரிப்பன் வாங்குகிற கடை, மருந்துக்கடை, சமுதாயக் கூடம் ஒன்றும் இல்லை. இது ஆறு, இது தெரு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கூடத்தின் இரும்புக் கேட் மட்டும் நிற்கிறது. அதைத் திறந்து உள்ளே போனால் வெளியேதான் நிற்கிறோம்.

இங்கே தெரு ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. ஒரே அடுப்பு, யார் வீட்டில் எது இருக்கிறதோ அதைக் கொண்டுவந்து போடுகிறார்கள். அடுத்த மழைக்கு முன்னால் ஏற்பாடாக இருக்க வேண்டும் என்று கம்பவுண்டர் ஒரு குழு சேர்த்தார். ஒவ்வொரு வீடும் இன்னொரு வீட்டுக்குப் பொறுப்பு. வெள்ளம் என்றால் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே இருக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். யாரும் யாரையும் தனியாக விடக்கூடாது. கம்பவுண்டரும் சைக்கிள் கடைக்காரரும் பேசிக்கொள்வதில்லை, உனக்குத் தெரியும். அத்தை வேண்டுமென்றே ஒருவருக்கு ஒருவரைப் பொறுப்பாகப் போட்டுவிட்டார். கம்பவுண்டருடைய எடைக்கு இப்போதிருந்தே பழகினால்தான் உண்டு என்று சைக்கிள் கடைக்காரர் புலம்புகிறார். நம் வீட்டுக்கு அத்தையே பொறுப்பு, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மில் கித்தானில் வீட்டுக்கு ஒரு பை தைக்கிறார். டார்ச்சும் மாத்திரையும் மாற்றுத் துணியும் வைத்து அது எப்போதும் வாசல் ஆணியில் தொங்க வேண்டும். காலையிலிருந்து தைக்கிறார், பேச்சு குறைந்துவிட்டது.

அத்தை மாடியில் ஒலிபெருக்கி வைக்கிறோம், வேலை என்னுடையது. யார் குரலைப் பதிவு செய்வது என்று பேச்சு வந்தது. கம்பவுண்டர் பேசினால் உயிர் பிழைத்தவனும் படுத்துக்கொள்வான். ரேடியோவையே கேட்கலாம் என்றார் ஒருவர். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அவர் சரி என்று தலையை ஆட்டினார். வாசகமும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதுதான். ஒரு கேசட்டில் பேசி அனுப்பு. ஒரு வார்த்தையும் மாற்றாதே.

'கீழத்தெருக்காரர்களுக்கு. வெள்ளம் வருகிறது. மாடி வீட்டுக்குப் போங்கள். அங்கே இடம் இல்லாவிட்டால் குன்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். உங்கள் பொறுப்பில் உள்ள வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போங்கள்.'

அத்தானுக்கும் குட்டிக்கும் என் அன்பு.

தம்பி


செப்டம்பர் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் வந்த அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்று அத்தான் சொன்னார். தெரு என்னை நினைத்ததே, அதற்கு என்ன சொல்ல? ஊருக்கு வரமுடியாதவளுக்கு அங்கே ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

கேசட் இத்துடன் வருகிறது. மதியம் வண்டி இல்லாத நேரத்தில் எங்கள் மைக் அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். பின்னால் கொஞ்சம் எஞ்சின் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்.

வாசகத்தை மாற்றாதே என்றாய். மாற்றிவிட்டேன், திட்டாதே. அத்தை கையில் துணியைக் கொடுத்துவிட்டு எப்படி வெட்டுவது என்று நான் சொல்வேனா? அதுபோல இது என் தொழில். ஓடுகிறவன் காதில் ஒன்றிரண்டு வார்த்தைதான் விழும். இடம் இல்லாவிட்டால் அங்கே, இல்லாவிட்டால் இங்கே என்றால் அவன் நின்று யோசிப்பான். நின்றால் போச்சு. ஆகவே சுருக்கிவிட்டேன்: 'வெள்ளம் வருகிறது. கதவைத் தட்டிவிட்டு மேலே போங்கள். உடனே மேலே போங்கள்.' மாடி, குன்று, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது பார். அம்மாவிடம் சொன்னதும் இதைத்தான். சொன்ன உடனே கிளம்பினாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். வேலை செய்கிற வார்த்தையை ஏன் விடவேண்டும்?

எல்லோரும் கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுது. முக்கியமாக அத்தை என்ன சொன்னார் என்று எழுது.

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே மூவரும் நலமா? குட்டிக்குப் பரீட்சை எப்படிப் போகிறது?

கேசட் வந்து நாளாகிவிட்டது. குழுக் கூட்டத்தில் போட்டோம். உன் குரல் தெளிவாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தைக்குத் தலைவலி என்று பாதியில் எழுந்துபோய்விட்டார்.

ஒரு சின்ன மாற்றம் வேண்டும். நான் அனுப்பிய பழைய வாசகத்தையே பேசி அனுப்பிவிடு. நீளமாக இருந்தால் பரவாயில்லை. மேலே என்ற சொல் மட்டும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியாது என்று அபிப்பிராயப்படுகிறார்கள்.

அடுத்த ஜூன் மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, நீ நிதானமாகச் செய்யலாம்.

தம்பி


நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். குட்டி பரீட்சை எழுதிவிட்டாள். மேலே என்றால் என்ன என்று அவளைக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு விரலை விட்டத்தைப் பார்த்து நீட்டினாள். உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் அது புரியாதா? யார் காதில் பூச்சுற்றுகிறாய்?

எனக்கு உன்னைக் கைக்குழந்தையிலிருந்து தெரியும். பொய் சொன்னால் கடிதம்கூடச் சின்னதாகிவிடுகிறது. உங்கள் போன் லைன் சரியாகிவிட்டது என்று இங்கே ஒருவர் சொன்னார். நீ ஏன் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை? போனில் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், சரி, அது எந்தக் காலத்தில்? அத்தையிடமிருந்து இன்றுவரை ஒரு வரி இல்லை. என்மேல் வருத்தமா? இருந்தால் அதற்குக் காரணம் என்ன? இன்னொன்றும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வருவதற்கு முன்பே அம்மா கிளம்பிவிட்டாள் என்றால், படியில் விழுந்தவளைத் தூக்கி உட்கார வைக்க நேரம் இருந்திருக்குமே?

கேசட்டில் எந்த இடத்தில் அத்தை எழுந்து போனார் என்று எழுது.

தண்டவாளம் போட்டாகிவிட்டது. நேற்று நானே மைக்கில் சொன்னேன். இந்த மாதக் கடைசியில் வருகிறேன். மூலை இல்லாவிட்டால் அத்தை வீட்டுப் படியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அக்கா


நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

இப்போது வராதே. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு உன்மேல் வருத்தம் என்று நினைக்காதே, அவரை நீ அப்படி நினைப்பது நியாயமில்லை. கேசட்டை டேப் ரிக்கார்டர் இழுத்துவிட்டது, எந்த இடம் என்று பார்க்க முடியாது.

கேட்பதையெல்லாம் விட்டுவிடு, அக்கா. குட்டியைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 23

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? இவ்வளவு நாள் வராமலும் எழுதாமலும் இருந்ததற்கு உடம்பு காரணமில்லை, பயப்படாதே. அத்தானும் குட்டியும் நலம்.

நான் இப்போது மைக்கில் இல்லை. கேட்டு மாற்றிக்கொண்டேன். பயணிகள் வண்டியில் விட்டுவிட்டுப் போகிற சாமான்களை எடுத்து வைக்கிற அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பேச வேண்டியதில்லை, நிம்மதி. இங்கே வருவதில் பாதிக்குப் பாதி குடைதான். போன மாதம் ஒரு அம்மாள் தன் குடையைத் தேடிக்கொண்டு வந்தார். எங்கே எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று கேட்க வேண்டும், அது எங்கள் முறை. "கடைக்குத்தாம்மா, வேற எங்க குடையைத் தூக்கிக்கிட்டுப் போகப்போறேன்" என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். வயர் தேறுமா என்று மேலே போயிருந்ததாக ஆகஸ்டில் எழுதியிருக்கிறாய். முதலில் படித்தபோது அதில் எனக்கு ஒன்றும் தட்டவில்லை. மேலத்தெருவை நாம் அப்படித்தான் சொல்வோம், இல்லையா? கடைக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே, "மேலே போயிட்டு வந்துடறேன்" என்பாள். மேற்கே இருப்பதால், இருக்கிற தெருக்களிலேயே பள்ளமான தெருவுக்கு அந்தப் பெயர். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் எனக்கு அது மாடிப்பக்கம், வானத்துப்பக்கம் என்று ஆகிவிட்டது. அம்மாவுக்கு ஆகவில்லை.

குடை கிடைத்ததா? எங்கே கிடைத்தது என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இத்துடன் கேசட் இருக்கிறது. அத்தையின் வாசகம்தான், ஒரு சொல்லும் குறைக்கவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சரியாக இருந்தால் போடுங்கள்.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று எழுதிவிடுகிறேன்.

குடை மேலத்தெருவில் கிடைத்தது. சமுதாயக் கூடத்துக் கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. இப்போது அத்தை வீட்டில் இருக்கிறது. கிழிந்த இடத்தைத் தைத்து வைத்திருக்கிறார்.

வேறு எதுவும் வேண்டாம் என்றாய். ஆனால் நீ தனியாக உட்கார்ந்து கற்பனை செய்துகொள்வதைவிட நடந்தது மோசமாக இருக்காது என்று நினைக்கிறேன், அதனால் சொல்லிவிடுகிறேன். அம்மா போவதை அத்தை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். மழையில் எங்கே என்று கேட்டிருக்கிறார். "பொண்ணு மேலே போகச் சொன்னா, வெள்ளம் வருதாம்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஸ்டேஷனில் இருக்கிற பெண், விவரம் தெரியாமலா சொல்லும், கூடத்தில் ஏதோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள் போல என்று அத்தையும் நினைத்தார். தனியாகப் போகிறாளே என்று மாமாவைத் துணைக்கு அனுப்பியதும் அத்தைதான். மாமா குடையை வாங்கி அம்மாவுக்குப் பிடித்துக்கொண்டு போனார். அத்தை வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே கிளம்பியிருக்கிறார், சாவியைத் தேடியதில் தாமதம். அந்தத் தாமதத்தால்தான் இன்று உயிரோடு இருக்கிறார்.

உன் முதல் கடிதத்தை நான் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் அத்தையிடம் கொடுத்தேன். மாமா போய் ஒரு மாதம்கூட ஆகாத நேரம். முழுவதும் படித்தார். "என் வீட்டுப் படியில வழுக்கி விழுந்துட்டாங்கன்னு எழுது. படி தாங்கும், அவ தாங்கமாட்டா" என்றார். அன்று பக்கத்தில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். அன்றையிலிருந்து தெருவுக்கே அம்மா விழுந்தது படியில்தான். ஒருவர் வாயிலிருந்தும் வேறு வார்த்தை வந்ததில்லை. உனக்கு அத்தை பதில் எழுதாததற்குக் காரணம், ஒரு பொய்யை வாயால் சொல்லிவிட்டேன், கையாலும் எழுத முடியாது என்பதுதான். உன் முதல் கேசட்டில் எந்த இடத்தில் எழுந்தார் என்று கேட்டாய். நீ நினைத்த இடம்தான்.

அவர் உன்னை மன்னித்துவிட்டார் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கு அது தெரியாது, அக்கா. நான் கேட்டதில்லை, கேட்கத் தைரியமும் இல்லை. அவர் தன்னையே மன்னித்த மாதிரி தெரியவில்லை. நம் மூன்று பேரில் யார் யாரை மன்னிப்பது? மழை இருட்டினால் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலில் வந்து நிற்கிறார். அம்மா போன பக்கமே பார்க்கிறார்.

இரண்டாவது கேசட்டைப் போட்டுக் கேட்டோம். வாசகம் முடிந்து கொஞ்சம் இடைவெளி விட்டு, ஸ்டேஷன் குரல் இல்லாமல் உன் வீட்டுக் குரலில் சொல்லியிருக்கிறாய்: "மேலத்தெருப் பக்கம் போகாதீங்கம்மா." கம்பவுண்டர் யோசித்துவிட்டு, பொது அறிவிப்பில் அம்மா எதற்கு, ஆம்பளைகளும் கேட்பார்களே, அதை மட்டும் வெட்டிவிடலாமா என்று என்னைக் கேட்டார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு எல்லாம் நறுக்கென்று இருக்க வேண்டும். நான் பதில் சொல்வதற்குள் அத்தை, "அது இருக்கட்டும்" என்றார்.

போன வாரம் ஆறு மறுபடி ஏறியது. சாயங்காலம் தகவல் வந்ததும் ஒலிபெருக்கியைப் போட்டேன். கேசட் முடிந்ததும் திருப்பி ஓடுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறேன். தெருவில் ஒரு கூச்சல் இல்லை. பையை எடுத்தார்கள், கதவைத் தட்டினார்கள், கிளம்பினார்கள். சைக்கிள் கடைக்காரர் கம்பவுண்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார், இருவரும் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. நான் கருவியோடு மாடியிலேயே இருக்கிறேன் என்று தெரிந்தும் அத்தை கீழே இறங்கிப்போய் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். பூட்டிய வீடு. உள்ளே யாரும் இல்லை. தட்டிவிட்டு, கொஞ்சம் நின்றுவிட்டு, படியேறி வந்தார்.

தண்ணீர் தெருமுனை வரை வந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் மாடியிலும் குன்றிலும் இருந்தார்கள், கீழே ஒரு நாய்கூட இல்லை. நிறுத்திவிடலாம் என்று கம்பவுண்டர் கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. உன் குரல் காலித் தெருவில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அத்தையும் நானும் மேலே போகிற பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்தத் தடவை அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

நீ எப்போது வேண்டுமானாலும் வா.

தம்பி